மைக்கண்ணன் வீட்டு மாடு

மைக்கண்ணன் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் நடக்காது. கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கட்சிக்காரர்களின் பொதுக்கூட்டம், எதுவானாலும் அவருடைய மைக்செட் குழாயும் பாக்ஸும்தான். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால் மைக்கைப் பிடித்து அடையாளம் சொல்வார் பாருங்கள், பெற்றவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அப்படி ஒரு குரல். அதே மனிதருக்கு வீட்டு விஷயம் நாலைந்தைச் சொல்ல நாக்கு எழாது. அண்ணி முழுகாமல் இருந்த பத்து மாசமும், "வீட்ல கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்றே கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகள் பிறந்த பிறகு எதிர்க்கடைக்காரர், "இப்ப வீட்ல உடம்பு தேவலையா?" என்று கரிசனமாக விசாரித்தாராம். தேவலை என்றாராம் இவர்.

நான் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. தையல்காரி. என் மெஷின் இருப்பது பின்பக்க ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவர்களுடைய மாட்டுக் கொட்டகை. அதனால் அந்த வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

மாடு அண்ணியுடையது. செவலை. கன்றாக வந்ததை அவர்தான் வளர்த்தார். மற்ற நாளில் பரம சாது, நான் சுவர் வழியாக நீட்டுகிற காய்கறித் தோலை நக்கி நக்கித் தின்னும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிற அன்று மட்டும் வேறு மாடாகிவிடும். தீனியைத் தொடாது. வாலைத் தூக்கிக்கொண்டு, வழும்பு ஒழுக, தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தும். துணைக்கு இன்னொரு மாடு இருந்தால் அதன்மேல் தாவி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளும். இது ஒற்றை மாடு. அதனால் கிட்டே போகிற ஆள்மேலேயே முன்காலைத் தூக்கிப்போட்டு ஏறப் பார்க்கும். அவ்வளவு கனம் ஒருத்தர் முதுகில் விழுந்தால் என்ன ஆகும்?

இதைச் சமாளிக்கப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. குட்டையாகக் கட்ட வேண்டும். கிட்டே போனால் இரண்டு பேராகப் போக வேண்டும். காலையில் கத்த ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் மாட்டாஸ்பத்திரி ஊசிக்காரரைக் கூட்டிவந்து சினை ஊசி போட்டுவிட வேண்டும். அவர் போனை எடுக்கமாட்டார், நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்வதில்தான் அண்ணன் குப்புற விழுவார்.

ஒருமுறை போனார். ஆஸ்பத்திரி வாசலில் நாய்க்குட்டியோடு நாலு காலேஜ் பெண்கள் நின்றார்களாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த முறை உள்ளேயே போனார். சீட்டு எழுதுகிற இடத்தில் ஓர் அம்மா. "மாட்டுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு மாதிரியா இருக்கு." "தீனி எடுக்குதா?" "இல்ல." கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம். ஜீரணப் பொடி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று நின்றார். "இதை நீங்களே கரைச்சுக் குடிங்க. உங்களுக்குத்தான் வார்த்தை தொண்டையிலயே நிக்குது."

"நான் வேணா போய்ச் சொல்லிட்டு வரட்டுமா அண்ணே?" என்று நான் சுவர் மேலாகக் கேட்டேன்.

"பொம்பளை போய் அதையெல்லாம் சொல்றதா?" என்று அவர் காது மடல்வரை சிவந்து உள்ளே போய்விட்டார். ஆம்பளையும் சொல்லமாட்டார், பொம்பளையும் சொல்லக்கூடாது, மாடு தானே நடந்து போய்ச் சீட்டு எழுதிக்கொள்ளுமா?

இதற்குள் பால் ஒரு டம்ளராகக் குறைந்துவிட்டது. இன்னும் ஒரு பருவம் தவறினால் மடி வற்றிவிடும், அதற்குமேல் தீனிக்குக் கட்டாது, கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அண்ணியே சொன்னார். மடியும் வற்றி, வயிற்றிலும் ஒன்றுமில்லாத மாட்டை வாங்க வருகிறவன் எதற்கு வாங்குவான் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லிவிட்டு அண்ணி அன்று முழுக்க மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த இன்னொரு பருவம் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. அன்றைக்கென்று வீட்டுக்கு விருந்தாளி. அண்ணன் மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போயிற்று. அந்தப் பையனின் அப்பா அம்மா முதல்முறையாக இவர்களைப் பார்க்க வருகிறார்கள். அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சர், அவர் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. டீச்சர் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

விடிந்ததுமே மாடு ஆரம்பித்துவிட்டது. "போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. அவங்க வர இன்னும் நேரம் இருக்கு" என்றார் அண்ணி.

"அவங்க போனதும் முதல் வேலை அதுதான்."

"சனிக்கிழமை மத்தியானத்தோட ஆஸ்பத்திரியை மூடிடுவாங்க."

"அதுக்குள்ள போயிடுவாங்க. நீ டீயைக் கவனி."

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். மாடு கத்தியது. டீச்சரம்மா கையில் டீக் கோப்பையோடு, "மாட்டுக்கு என்னங்க?" என்று கேட்டார். அண்ணன், பசி என்றார். அண்ணி போய் வைக்கோல் போட்டுவிட்டு வந்தார். மறுபடியும் கத்தியது. தாகம் என்றார். அண்ணி போய்த் தண்ணீர் காட்டினார். மூன்றாம் முறை கத்தியபோது சொல்வதற்கு அவரிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. எழுந்துபோய், "புதுசா ஒரு பாக்ஸ் வந்திருக்கு, கேட்டுப் பாருங்க" என்று பாட்டைப் போட்டுவிட்டார். அண்ணி மட்டும் மறுபடியும் மாட்டைப் பார்க்கப் பின்பக்கம் போனார்.

கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற பாக்ஸ் அது. முன்னறைக்குள் போட்டால் எப்படி இருக்கும்? என் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஊசி எங்கே இறங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் ஏதோ குரல் கேட்ட மாதிரி இருந்தது. நான் தலையைத் தூக்குவதற்குள் அடுத்த பாட்டு, முன்னைவிடச் சத்தமாக, வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மாடு அறுந்த கயிறோடு சுவரைத் தாண்டி என் துணிக்கொடியை இழுத்துக்கொண்டு ஓடியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அண்ணி குப்புறக் கிடந்தார்.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக ஓடி, விருந்தாளிகளின் காலை மிதித்து, பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணன் கோபமாக என்னமோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணி பின்னால விழுந்து கிடக்கிறாங்க!" என்றேன்.

தூக்கும்போது டீச்சரம்மாதான் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மண்ணில் கிடந்த அறுந்த கயிற்றையும் அண்ணியின் முதுகுத் துணியில் பதிந்திருந்த குளம்பு அடையாளத்தையும் பார்த்துவிட்டு, "பருவத்துல இருக்கிற மாட்டுகிட்ட இவங்களைத் தனியா ஏன் விட்டீங்க? எங்க வீட்ல எப்பவும் நாலு மாடு நின்னுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கயித்தைப் பிடிச்சிருப்பேனே" என்றார். யாரிடமிருந்து மறைக்க ஊரே அதிரும்படி பாட்டுப் போட்டாரோ அந்த அம்மா. அண்ணன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். திட்டலாம் என்று வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவ்வளவுக்குப் பிறகும் மனிதர் திருந்தினாரா என்றால், இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி அடிபட்டுது?" என்று கேட்டார். சுற்றி இரண்டு நர்ஸ்கள். "வழுக்கி விழுந்துட்டா" என்றார் அண்ணன். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தோளுக்கு மட்டும் படம் எடுக்கச் சொல்லி எழுத ஆரம்பித்தார். அண்ணிக்கு மூச்சு விடவே முடியவில்லை. கண்ணைத் திறக்காமல், "மாடு பருவத்துல இருந்துச்சு. முதுகுமேல ஏறிடுச்சு" என்றார். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். முதுகெலும்பில் விரிசல். விலாவில் இரண்டு. அசையாமல் படுக்க வேண்டும், எழுந்தால் பெல்ட் போட வேண்டும் என்றார்கள்.

அந்தப் பருவமும் போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் மாட்டைக் கொடுத்துவிடு என்றார்கள். அண்ணி படுத்தபடியே, "அது என்ன பண்ணும்? அதுக்கு வாயிருந்தா அதுவே போய்ச் சொல்லியிருக்கும்" என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த தடவை மாடு கத்தியதும் அண்ணன் என்னையும் துணைக்கு வைத்துக்கொண்டு குட்டையாகக் கட்டினார். பிறகு சட்டைகூட மாற்றாமல் போனார். சீட்டு எழுதுகிற அம்மாவிடம், வரிசையில் இத்தனை பேர் நிற்க, "மாடு பருவத்துக்கு வந்திருக்கு, சினை ஊசி போடணும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எப்ப கத்த ஆரம்பிச்சுது, காலையிலயா, ராத்திரியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். அவ்வளவுதான். திரும்பி வந்து இதை என்னிடம் சொல்லும்போதே, இதற்காகவா, இதற்காகவா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஊசி பிடித்துவிட்டது. சில மாசம் கழித்து ஊசிக்காரர் கையைவிட்டுப் பார்த்து, சினைதான் என்று உறுதியாகச் சொன்னார். அப்போது நான் உள்ளே அண்ணிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓடிவந்து, "மாடு சினையாயிடுச்சு!" என்றார். அந்தச் சொல்லை அவர் இப்படி வாய்விட்டுக் கூவி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணி சந்தோஷப்பட்டார். கண் கலங்கியது. பிறகு, "ஒண்ணு கேட்கணும்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருக்கேன்" என்றார்.

"கேளு."

"அன்னிக்குப் பாட்டு நின்ன நேரத்துல நான் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் நீங்க சத்தத்தைக் கூட்டினீங்க."

"மாடு கத்துதுன்னு நினைச்சேன்னு அப்பவே சொன்னேனே."

"என்னங்க, என்னங்கன்னு கூப்பிட்டேன். மாடு உங்களை என்னங்கன்னா கூப்பிடும்?"

நான் பெல்ட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் இல்லையென்று சொல்லிவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"உன் குரல்னு தெரிஞ்சுது" என்றார். "மாட்டைப் பிடிக்கத்தான் நீ கூப்பிடறேன்னு நினைச்சேன். அவங்க எதிர்ல எப்படி எழுந்து வர்றதுன்னு…"

அண்ணி அழவில்லை, சத்தம் போடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், முன்னமே தெரிந்ததைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மா" என்றார். இறுக்கினேன். அண்ணன் கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.