முப்பத்தோராவது நொடி

எங்கள் ஜீவனஹள்ளியில் பாட்டை ஹிட் ஆக்குகிறவன் ஒருவன் இருக்கிறான். பாடுகிறவன் இல்லை, எழுதுகிறவன் இல்லை, தாளம் போடச் சொன்னால் தொடையில் தப்பான இடத்தில் தட்டுவான். பெயர் ராஜேந்திரன். நாற்பது வருஷமாக இதுதான் தொழில். ஊரே கேட்கிறது என்று நம்பி நீங்களும் வாங்கி, நீங்களும் முணுமுணுத்த பாட்டுகளில் ஒன்றிரண்டாவது அவன் கைவேலையாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அதற்கு உடந்தை.

நான் ரகுராம், அவனுக்குப் பக்கத்து வீடு. தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். இந்தத் தகுதி எங்கள் முதல் ஹிட்டுக்கு எவ்வளவு உதவியது என்பதை அரசாங்கம் இன்றுவரை அறியாது.

எண்பத்தாறாம் வருஷம் நாங்கள் ஜீவனஹள்ளி வானொலி நேயர் மன்றம் தொடங்கினோம். மன்றத்தில் நாங்கள் இரண்டு பேர், நாங்கள் அனுப்பும் தபால் கார்டில் முப்பது பேர். விருப்பப் பாடல் நிகழ்ச்சிக்கு வாரம் இருபது கார்டு போகும். எந்தப் பாட்டை விரும்புவது என்பதைக் காக்ஸ் டவுனில் கேசட் கடை வைத்திருந்த டொமினிக் முடிவு செய்வார். அவர் கடையில் விற்காமல் தூசி படிந்து கிடக்கும் கேசட் எதுவோ, அதன் மேல் எங்களுக்கு உயிர். கார்டு வாங்கிக் கொடுப்பதும் அவர்தான். தெருக்கோடி வீட்டுச் சொர்ணம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அந்த அம்மாள் வாரத்துக்கு நாலு பாட்டு விரும்பிக் கேட்டார். காலமான பிறகும் ஒன்றரை வருஷம் விடாமல் கேட்டார்.

ராஜேந்திரன் கெட்டிக்காரன். ஒரே தெருவிலிருந்து இருபது கார்டு போனால் சந்தேகம் வரும் என்று ஐந்தை இங்கே போடுவான், ஐந்தை ஒக்கலிபுரத்தில், ஐந்தை அடுகோடியில், மிச்சத்தை எங்கேயாவது. சைக்கிளில் அரை நாள் அலைவான். முத்திரை வேறு வேறாக விழுகிறதா என்று நான் ஆபீசில் பார்த்துச் சொல்வேன். இடது கையால் எழுதப் பழகினான். தன் பெயரை மட்டும் எல்லாக் கார்டிலும் கடைசியில் போடுவான், முதலில் போட்டால் பெயருக்கு அலைகிறானே என்று நினைப்பார்களாம். அறிவிப்பாளர் முதல் ஆறு பெயரைப் படித்துவிட்டு "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவார். சொர்ணம்மா பெயர் நாடெல்லாம் கேட்டது. ராஜேந்திரன் என்ற பெயர் ஒரு தடவைகூட ரேடியோவில் வந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு, "மற்றும் பலர்" வந்ததும் சத்தத்தைக் குறைப்பான்.

பிற்பாடு மகள் விஜி பிறந்தபோது அவனுக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பாட்டை ஹிட் ஆக்கியவன் ஒன்றையாவது நாலு வரி முழுசாகக் கற்றிருக்க வேண்டாமா? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கார்டுப் பெயர்களை அறிவிப்பாளர் குரலில் ஒப்பிப்பான். அதுவும் தூங்கிவிடும். யார்தான் தூங்கமாட்டார்கள்.

தொண்ணூறுகளில் டொமினிக் அவனைக் கடைக்கே எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு கரும்பலகை, "இந்த வார டாப் டென்" என்று தலைப்பு. காலையில் சாக்பீஸோடு வந்து உள்ளே எந்த அட்டைப்பெட்டி கனமாக இருக்கிறது என்று தூக்கிப் பார்ப்பான். அதிகக் கனம் முதலிடம். ஜனங்கள் வந்து பலகையைப் பார்ப்பார்கள், வாங்குவார்கள், ஒரு வாரத்தில் அது நிஜமாகவே முதலிடமாகிவிடும். ரசனை எப்படி உருவாகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் யோசிக்கிறார்கள். இடுப்பு வலியில் உருவாகிறது.

கேசட் செத்தது, டொமினிக்கும் கடையை மூடினார். இவன் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்தான். அது காலர் ட்யூன் காலம். ரீசார்ஜுக்கு நீட்டுகிற போனில் இரண்டு பட்டனைத் தட்டினால் போதும், அவரைக் கூப்பிடுகிறவர்கள் காதில் இவன் சொன்ன பாட்டு. தெருவில் எல்லார் போனிலும் ஒரே குத்துப்பாட்டு. தையல்காரர் உமேஷின் அப்பா தவறிப்போன அன்று, எடுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்கக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அந்தக் குத்துப்பாட்டைக் கேட்ட பிறகுதான் துக்கம் விசாரித்தார்கள். அந்த மாதம் அதுதான் நம்பர் ஒன். மக்கள் தீர்ப்பு.

இப்போது அடுகோடியில் நோயல் என்கிற முப்பது வயதுப் பையனின் கம்பெனி. வெளியே டிஜிட்டல் புரமோஷன் என்று போர்டு, உள்ளே ஒரு ஹால், பத்து அலமாரி, அலமாரிக்கு இருபது போன். இருநூறு போனும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பாட்டு ஓட்டும். எல்லாம் மியூட்டில். முப்பது நொடி தாண்டினால்தான் பாட்டு ஆப் அதை ஒரு தடவை கேட்டதாகச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே முப்பத்தோராவது நொடியில் தாண்ட வேண்டும், அதற்கு மேல் ஓடவிட்டால் நேர விரயம். அலமாரிக்கு ஒரு தலைமைப் போன். அதில் தட்டினால் அந்த வரிசை முழுக்கத் தாண்டும். ராஜேந்திரன் பத்துத் தலைமைப் போன்களையும் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே ஹாலைச் சுற்றி வருவான். ஒரு சுற்று முடிந்தால் முப்பத்தோரு நொடி. டாக்டர் நடக்கச் சொன்னார், அதுவும் ஆயிற்று. இங்கே இவன் ஹிட் ஆக்கிய ஒரு பாட்டையும் ஒரு மனுஷ ஜென்மம் கேட்டதில்லை. சொர்ணம்மா காலத்திலிருந்து தொழில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

கட்டைவிரலுக்கு அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. வீட்டில் டிவி ஓடினாலும் அரை நிமிஷத்தில் விரல் துடிக்கும். எந்தப் பாட்டின் யோக்கியதையையும் முப்பத்தோரு நொடியில் சொல்லிவிடலாம் என்பது அவன் கொள்கை.

விஜிக்கு இப்போது இருபத்தேழு. ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, சாயங்காலம் சிநேகிதிகளோடு பாட்டு. இந்த வருஷம் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, ஒரு பாட்டை ஆப்பில் ஏற்றினாள். மூணரை நிமிஷம். அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்து, "முழுசா கேட்டுட்டு சொல்லுப்பா" என்றாள். அவன் கொள்கைப்படி கேட்டான். அந்த நேரம் பார்த்து நோயலிடமிருந்து போன் வேறு வந்தது. "ஃபர்ஸ்ட் கிளாஸ்மா" என்றான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹெட்போனை வாங்கிக்கொண்டு போனாள். நான் அங்கேதான் இருந்தேன். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கும் அப்போது தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அதில் முன்னூற்று எண்பது பேர் கடைசிவரை கேட்டார்கள் என்று ஆப் சொல்லியது. அல்சூர் பக்கம் புதுப் பாடகர்களை மேடையேற்றும் ஒரு குழு இருக்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவர்கள் பார்ப்பதில்லை, எத்தனை பேர் முடிவுவரை கேட்டார்கள் என்றுதான் பார்ப்பார்கள். விஜியின் பெயர் அவர்கள் தேர்வின் கடைசி மூன்று பேரில் வந்திருந்தது. டிசம்பரில் முழுசாக அரைமணி நேர மேடை. அந்தப் பெண் பூமியிலிருந்து நாலு இஞ்ச் மேலே நடந்துகொண்டிருந்தாள்.

நம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. "நானூறு பேரு ஒரு கும்பலா ரகு? பஸ் ஸ்டாண்டுல அதவிட நிப்பாங்க. ஊரான் பாட்டெல்லாம் ஓட்டறேன், பெத்த பொண்ணுக்கு ஓட்டக் கூடாதா?" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுகோடிக்குப் போய்ச் சாவி போட்டுத் திறந்தான். இரண்டு மணி நேரம் சுற்றினான். நாற்பதாயிரம். திரும்பி வந்து என் வாசலில் நின்று விரலைக் காட்டினான், வீங்கியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவனை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. வார நாட்களில் வேலை தொடங்குமுன் நோயல் ஒரு சாஃப்ட்வேரைப் போடுவான். இருக்கிற இருநூறு போனும் திருச்சி, துபாய், சிங்கப்பூர் என்று ஊர் ஊராகச் சிதறியிருப்பதுபோல் அது காட்டும். ராஜேந்திரனுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்டதும் இல்லை. இருபது கார்டுக்கு நாலு தபால் பெட்டி தேடி சைக்கிள் மிதித்தவன், நாற்பதாயிரத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை ஆப்பிலிருந்து விஜிக்குக் கடிதம் வந்தது. பொய்யாகக் கேட்கவைத்ததால் பாட்டு நீக்கப்படுகிறது, மறுபடி ஏற்ற முடியாது என்று. அல்சூர் குழுவும் எழுதியது: நாற்பதாயிரம் பேர் முப்பத்தோராவது நொடியில் எழுந்து போன பாட்டை மேடையேற்றுவதற்கில்லை, வருந்துகிறோம்.

அடுத்த ஞாயிறு காலை நான் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி காந்தா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஜி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். அந்த நாற்பதாயிரம் பேர் கேட்ட இடம் என்று போட்டிருந்தது. அடுகோடி என்று ஒரே ஒரு புள்ளி.

"அடுகோடில எனக்கு யாரப்பா தெரியும்?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

"உனக்காகத்தாம்மா," என்றான். "நாப்பதாயிரம் வாட்டி ஓட்டினேன்."

"கேட்டியா?"

"ஓட்டினேன்னு சொல்றேன்ல."

"நீ ஓட்டினத கேக்கல. கேட்டியா?"

"முன்னாடியே கேட்டனே. ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னனே."

"எதுல முடியுதுன்னு சொல்லு பாக்கலாம்."

காந்தா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "அவருக்கு எது முடியறதும் தெரியாது விஜி, சும்மா விடு" என்றாள். விஜி விடவில்லை. தன் போனில் வைத்திருந்த பாட்டை ஓடவிட்டு மேஜைமேல் வைத்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அழவில்லை.

முதலில் தவில் மாதிரி ஏதோ, பிறகு அவள் குரல். நன்றாகத்தான் இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. சரியாக முப்பத்தோராவது நொடியில் ராஜேந்திரனின் கட்டைவிரல் எழுந்து போனைத் தட்டப் போயிற்று.

"கைய எடு," என்றாள் விஜி.

அவன் திடுக்கிட்டு விரலைப் பார்த்தான். பிறகு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு நிமிஷம் போனது. மூன்றாவது நிமிஷத்தில் வாத்தியமெல்லாம் நின்றது. அவள் குரல் மட்டும், மெதுவாக, தூங்கப்போகிற குழந்தைக்குச் சொல்வதுபோல: விரும்பிக் கேட்டவர்கள், ஜீவனஹள்ளியிலிருந்து சொர்ணம், டொமினிக், உமேஷ், ரகுராம்... என் பெயர் வந்ததும் காபியைக் கீழே வைத்தேன். ஆறு பெயர் ஆனது. "மற்றும் பலர்" வரும் என்று நாங்கள் இரண்டு பேருமே காத்திருந்தோம். அவன் தலையைக்கூடக் குனிந்துவிட்டான், அந்தக் காலத்தில் சத்தத்தைக் குறைக்கக் குனிவதுபோலவே. மற்றும் பலர் வரவில்லை. ஏழு, எட்டு, பத்து, இருபது என்று கார்டு முழுவதும் வந்தது. கடைசியில், எல்லாரும் போன பிறகு, ராஜேந்திரன். அதோடு பாட்டு முடிந்தது.

பிறகு அவன் கேட்டான்.

"இந்தக் கடைசி வரைக்கும் எத்தன பேரு கேட்டாங்கம்மா?"

"முன்னூத்தி எம்பது."

"மறுபடி போட முடியாதா?"

"எடுத்துட்டாங்கப்பா."

முகம் தெரியாத முன்னூற்று எண்பது பேர், ஒக்கலிபுரத்திலோ திருச்சியிலோ, அவன் பெயரைக் காதால் கேட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷத்தில் அவன் கை படாமல் நடந்தது அது ஒன்றுதான். அவனே போய் அதைத் துடைத்தெறிந்துவிட்டு, வீங்கிய விரலை என்னிடம் காட்டியிருக்கிறான்.

"இன்னொரு வாட்டி போடும்மா," என்றான்.

"நீயே போட்டுக்கோ," என்று போனை அங்கேயே விட்டுவிட்டு விஜி உள்ளே போனாள்.

அவன் பட்டனை அழுத்தினான். உடனே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தன் பெயர் வருகிறவரை உட்கார்ந்திருந்தான்.