வழி தப்பி வந்த படகு

கிள்ளானுக்கு வந்த புதிதில், மகளுக்குக் காய்ச்சல் என்று அரசு கிளினிக்குக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என் பெயரைக் கேட்டாள். எஸ்தர் என்றேன். அடுத்து, "நாமா சுவாமி?" என்றாள். நாமா என்றால் பெயர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் சாமி பெயரையும் பதிவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "இயேசு" என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தமிழ் அக்காதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க ஹஸ்பண்ட் பேரு கேக்குறாங்கம்மா. மலாய்ல சுவாமின்னா வீட்டுக்காரர்லா," என்று காப்பாற்றினார். வீட்டில் சொன்னபோது என் கணவர் ஜெபராஜ், "நல்லவேள, எனக்குப் பதவி உயர்வு," என்று சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டார்.

நாங்கள் சாத்தான்குளத்துப் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஊர்க்காரர்கள். சிறுவயதில் நற்செய்திக் கூட்டப் பந்தல்களில் எத்தனையோ சாட்சிகள் கேட்டிருக்கிறேன். ஊமை பேசினான், கட்டி கரைந்தது என்று மைக்கில் அழுதுகொண்டே சொல்வார்கள். எல்லோரோடும் சேர்ந்து அல்லேலூயா சொல்வேன். ஆனால் அற்புதம் என்பது வேறு யாருக்கோ நடப்பது என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. ஜெபராஜுக்குப் போர்ட் கிள்ளானில் குளிர்சாதனக் கொள்கலன்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து இங்கே வந்தோம். பக்கத்து வீட்டு ரூத் ஆன்டிதான் எங்களைத் தமிழ் மெதடிஸ்ட் சபைக்குக் கூட்டிப்போனார். ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அவர் ஜெபிப்பது தெரிந்தவரிடம் போனில் பேசுவது மாதிரி இருக்கும். எங்கள் ஊர் ஜெபத்தின் நீட்டலும் முழக்கமும் அதில் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஜெபராஜ் வேலைக்குப் போயிருந்தார். முதலில் குளியலறைத் தண்ணீர்ப்போக்கி வழியாக நீர் கொப்பளித்தது. அப்புறம் கேட்டைத் தாண்டி வந்தது. மகளை மேசைமேல் ஏற்றி உட்காரவைத்த நேரத்தில் அவர் அழைத்தார். "எஸ்தர், ரோட்டுல தண்ணி ஏறிக்கிட்டே வருது. பைக்க விட்டுட்டு நடந்து வாரேன். நீ பிள்ளைய..." அதோடு இணைப்பு அறுந்தது. எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்தில் நீந்துகிற அளவு தண்ணீரைக் கண்டவர்கள் குறைவு. ஜெபராஜுக்கு நீச்சல் தெரியாது.

தீயணைப்புப் படையினர் எங்களையும் ரூத் ஆன்டியையும் படகில் ஏற்றி ஒரு பள்ளி மண்டபத்தில் கொண்டு சேர்த்தார்கள். போர்வை கொடுத்துக்கொண்டு வந்த மலாய் அம்மா ஒருவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லக் கேட்டார்: "சுவாமி மானா?" உன் கணவர் எங்கே என்று கேட்கிறார். அதற்குள் எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது தமிழ்தான். சாமி எங்கே? அழுதுவிட்டேன். அவர் போர்வைகளைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "சபார், சபார்," என்று முதுகைத் தடவினார். பொறுத்திரு என்று அர்த்தமாம்.

ரூத் ஆன்டி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார்.

"சாப்பிடுமா."

"வேண்டாம் ஆன்டி. ஜெபம் பண்ணுங்க."

"பண்ணலாம். நீ கைய கழுவிட்டு வா." நான் வந்ததும் கண்ணை மூடினார். "ஆண்டவரே, ஜெபராஜ் எங்க இருக்காருன்னு எங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும். கொண்டு வந்துடுங்க. ஆமென்." அவ்வளவுதான். இவ்வளவு சின்ன ஜெபம் வானம் வரை எட்டுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் மதியத்துக்கு முன் மண்டப வாசலில் ஒருவர் வந்து நின்றார். மலாய்க்காரர் கட்டும் கட்டம்போட்ட கைலி, தொளதொளவென்று ஒரு கால்பந்துச் சட்டை. மகள்தான் முதலில், "அப்பா!" என்று ஓடினாள். நான் பாயில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். அவரே வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "போன் போச்சு. உன் நம்பர் மனப்பாடமா தெரியாதுல்லா," என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல. சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

நடந்ததை அன்றே சொன்னார். மார்பளவு நீர் இழுத்தபோது கைக்கு ஒரு பேருந்து நிறுத்தத்துத் தூண் அகப்பட்டிருக்கிறது. அதன் கூரைமேல் ஏறிக் கத்தியிருக்கிறார். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இருட்டத் தொடங்கும் வேளையில் ஒரு மீன்பிடிப் படகு வந்திருக்கிறது. காப்பார் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு மீனவர், தங்கையை மீட்பதற்காகத் தன் படகை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். பெயர்ப் பலகைகளெல்லாம் நீருக்குள் போனதால் அவருக்குத் திருப்பம் தப்பிவிட்டது. தப்பி நுழைந்த தெருவில் ஜெபராஜ். அன்றிரவு தன் வீட்டில் தங்கவைத்து மாற்று உடையும் கொடுத்திருக்கிறார். தங்கையோ காலையிலேயே பத்திரமாக வெளியேறியிருந்தாள். அப்படியானால் அந்தப் படகு யாருக்காக வந்தது?

வெள்ளம் வடிந்த பிறகு பழம், பலகாரத்தோடு காப்பாருக்குப் போனோம். தனக்குத் தெரிந்த துறைமுக மலாயில் ஜெபராஜ், "துஹான் அனுப்பினார் உங்களை," என்றார். துஹான் என்றால் கடவுள். மீனவர் தலையை ஆட்டிக்கொண்டு, "சாலா சிம்பாங்," என்றார். தப்பான திருப்பம், அவ்வளவுதான் என்று. பிறகு கொஞ்சம் யோசித்து, விரலை மேலே காட்டிச் சிரித்தார்.

ஞாயிறு ஆராதனையில் ஜெபராஜ் சாட்சி சொன்னார். சபை எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. மண்டபத்தில் என் பாய்க்கு அருகில் படுத்திருந்த சீனப் பெண்ணின் அண்ணன் திரும்பி வரவேயில்லை. "அவங்களுக்கு ஏன் படகு வரல ஆன்டி?" என்று கேட்டேன். "தெரியாதுமா. தெரிஞ்ச மாதிரி நான் பேசமாட்டேன். உனக்குக் கெடச்சத ரெண்டு கையால வாங்கிக்கோ. அந்தப் பொண்ண போய்ப் பாரு," என்றார் ரூத் ஆன்டி. போய்ப் பார்த்தேன். இன்றும் போகிறேன்.

சென்ற வாரம் ஊரிலிருந்து மாமியார் பேசினார். "கெணறு காஞ்சு கெடக்கு எஸ்தரு. மழைக்கிச் செபம் பண்ணு, என்னா?" சரியென்று அப்போதே முழங்காலிட்டேன். வெளியே கிள்ளான் மழை பிடித்துக்கொண்டது. ஜெபராஜ் வாசலுக்குப் போய், சாக்கடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். ஆண்டவரே, மழை தாரும் என்று தொடங்கிய ஜெபத்தை, போதும் ஆண்டவரே என்று ஒரே மூச்சில் முடித்தேன்.