நியாசா ஏரிக்கரையில் ஒரு பெரிய மனிதர்

ஆப்பிரிக்காவின் பெய்ரா துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கியதிலிருந்து எங்களுக்கு லாரிப் பயணம்தான். என் கணவரின் அண்ணன் கடை வைத்திருக்கும் ஊர் இன்னும் வரவில்லை. இன்று நியாசா ஏரிக்கரையில் தங்கல். லாரிக்காரர் டயருக்கு ஒட்டுப்போடப் போயிருக்கிறார். ஒட்ட வெட்டியதுபோல் புல் இருக்கும் இடமாகப் பார்த்து என் கணவர் கூடாரம் அடிக்கிறார்.

பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து ஏதோ சொல்கிறாள். புதுச்சேரியில் கொடி மாறிய பிறகும் பிரெஞ்சை விடாத இவர், "பர்தோன், மதாம்?" என்று திரும்பச் சொல்லக் கேட்கிறார். அவளுக்கு அது புரியவில்லை. கன்னத்தை உப்பிக் காட்டுகிறாள். கைகளை அகல விரித்து, வாயை ஆவென்று திறந்து, எங்கள் கூடாரத்தைச் சுட்டுகிறாள்.

"ஊர்ப் பெரியவரு வராராம். நல்லா குண்டா இருப்பாராம். இங்கதான் சாப்புடுவாராம்" என்று இவர் எனக்கு விளக்குகிறார்.

"ஏங்க, அந்தம்மா பயந்த மாதிரி இருக்குதே."

"பெரிய மனுஷன்னா பயம் இருக்காதா?" என்றபடி கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.

வெயில் சாயும்போது ஏரியிலிருந்து ஒரு நீர்யானை கரையேறி நேராகப் புல்லுக்கு வருகிறது. அந்தப் பெண் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடிசைக்கு ஓடுகிறாள். கதவிடுக்கில் பார்க்கிறோம். அது கூடாரத்தைச் சுற்றி நிதானமாக மேய்கிறது. இவர் மாட்டிய கோட்டை மெல்லக் கழற்றுகிறார். நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிடுகிறேன். அவளும் சிரிக்கிறாள்.

பிறகு மீன் சட்டியைக் காட்டி ஏதோ சொல்கிறாள். இவர் மெதுவாக என் பக்கம் திரும்புகிறார்.

"நீயே சொல்லு, என்னவாம்?"

"சாப்புட வரச் சொல்றாங்க" என்கிறேன்.