சுகுமாரன் ஏன் தாமதமாக வந்தான்?

ஊருக்கு நாவல் வாசித்துக் காட்டிப் பிழைப்பவன் எந்தப் பக்கத்தில் தொண்டை அடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நூறு தடவை வாசித்த பக்கமானாலும் நூற்றியோராவது தடவையும் அடைக்க வேண்டும். உங்களில் யாராவது வீட்டில் பெரியவர்களுக்குத் தொடர்கதை வாசித்துக் காட்டியிருந்தால், நான் பட்ட பாட்டில் பாதியாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எட்டுப் பக்க விஷம்

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் துரை ஓடிப்போனார். மலாயாவில், கோலா கெத்தில் பக்கத்து அந்த ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டு நின்றது. ஆபீஸ் மூடியது. அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு மிஞ்சியது அட்டை கிழிந்த ஒரு தமிழ் நாவல். ஜமீன் வீட்டுச் சுகுமாரன் ஏழை நளினியைக் காதலிக்கிறான். அவன் தாயார் சம்மதிக்கவில்லை. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நளினி கோயில் வாசலில் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை என்று விஷம் குடிக்கிறாள். அரை மணி தாமதமாக வந்து சேரும் சுகுமாரன் ஆற்றில் குதிக்கிறான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போய் இதைத்தான் வாசித்தேன். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடையாது என்பதால் வெயில் சாய்வதற்குள் நளினி செத்தாக வேண்டும். கூலி, இரண்டு மரவள்ளிக் கிழங்கு.

எல்லோரும் அழுவார்கள், கங்காணி மகள் புஷ்பத்தைத் தவிர. நளினி விஷக் கிண்ணத்தைப் பிடித்தபடி எட்டுப் பக்கம் பேசுவாள். முதல் நாள் அந்தக் கட்டம் முடிந்ததும் புஷ்பம் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "இம்புட்டு நேரம் பேசினதுக்கு, வீட்டுக்கு நடந்து போய்ச் சேந்திருக்கலாம்லா."

மனசுக்குக் கீழே ஒரு மனசு

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டுக் கட்டும் டிரெஸர் சம்பந்தம் அண்ணனிடம் மருந்து தீர்ந்து போய்விட்டது. சும்மா இருக்க முடியாத மனிதர். துரை பங்களாவில் கிடந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வந்தார். மனக்கோளாறுகளைப் பற்றிய புத்தகம். முதல் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சப் பாதியைப் படித்துவிட்டு, நான் வாசித்து முடித்ததும் எழுந்து நின்று கதைக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

வண்டிச் சக்கரம் கழன்றதால் சுகுமாரன் தாமதமாக வந்தான் என்று நாவலில் இருந்தது. அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சக்கரம் வெறும் சாக்கு என்றார். மேல் மனசு நளினியிடம் போ என்றது, அடியில் இருக்கும் கீழ் மனசு அம்மாவை விட்டுப் போகாதே என்றது, அதனால்தான் புறப்படும்போது அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்து நேரத்தைப் போக்கினான் என்றார். ஆண்பிள்ளை எவனுக்கும் முதல் காதல் தாயார்தான் என்று முடித்தார். இவருக்கு அடி விழப்போகிறது என்று நான் புத்தகத்தை மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன். மருமகளோடு ஓயாமல் சண்டை போடும் அஞ்சலை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மருமகள் பக்கம் திரும்பினார்: "கேட்டுக்கிட்டியா? இங்கிலீஷ் பொஸ்தகத்துலயே போட்டிருக்கான்."

பெரட்டில் வந்த வினை

பால் வெட்டு நின்றாலும் காலைப் பெரட்டு நிற்கவில்லை. மரவள்ளி நட ஆள் எண்ணுவார்கள். ஒரு நாள் லயத்து முனியன் ஒரு மணி நேரம் பிந்தி வந்தான். ஏன்டா என்று கங்காணி கேட்டார். மேல் மனசு நேரத்துக்கே எழுந்து கிளம்பிவிட்டதாகவும், கீழ் மனசுதான் பாயை விட்டு வரவில்லை என்றும் முனியன் பணிவாகச் சொன்னான். பின்னால் நின்ற நான்கு பேரும் தங்களுக்கும் அதே வியாதிதான் என்றார்கள்.

கங்காணி என்னையும் டிரெஸர் அண்ணனையும் ஒரு பார்வை பார்த்தார். பெண் கேட்கப் போகிறவனுக்கு அது நல்ல பார்வை இல்லை. பிறகு பாதி நாள் கூலிக்கான அரைப் பேரைப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மேல் மனசுக்கு அரைப் பேரு போட்டுட்டேன். கீழ் மனசு வந்ததும் மீதியக் கேட்டு வாங்கிக்க."

புத்தகத்தில் இல்லாத கனவு

அடுத்தபடியாக அண்ணன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கனவு கேட்டார். பாம்பு, படிக்கட்டு, கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஒரு பலன் இருந்தது. சிலதைச் சொல்லவே கூச்சப்பட்டார். ஆனால் வந்தவர் யாரும் பாம்பைக் காணவில்லை. ஒருவர் சோற்றுக் குவியலைக் கண்டார். இன்னொருவர் சுட்ட கருவாட்டோடு சோறு. அஞ்சலை அக்கா கனவில் சோறு வந்து, கை வைக்கும்போது மரவள்ளியாக மாறிவிட்டது. அதைச் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது.

என் கனவில் புஷ்பம் இலை போட்டுப் பரிமாறினாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று அண்ணன் கேட்டார். நான் சோற்றைத்தான் பார்த்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பக்கம் பக்கமாகத் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, இத எழுதினவன் வயிறு நெறஞ்சவன். சோறு இதுல இல்லவே இல்ல."

பதினோராவது பொருத்தம்

அப்போதுதான் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட, கல்யாணமாகாத ஆண்கள் எல்லோருடைய பெயரையும் கங்காணி எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பென்சிலால் எழுதிய பட்டியலில் என் பெயர் இரண்டாவது. அதைப் பார்த்த அன்றே போய்ப் பெண் கேட்டேன். என் ஜாதகம் கரையானுக்குப் போயிருந்தது. பொருத்தம் பார்க்கும் குருண் ஊர் ஜோசியரும் காய்ச்சலில் போய்விட்டார். பொருத்தம் பார்க்காமல் பெண் கொடுப்பது எப்படி என்று கங்காணி தவித்து, கடைசியில் டிரெஸர் அண்ணனையே பார்க்கச் சொன்னார்.

அண்ணன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் தாயாரைப் பற்றிக் கேட்டார். நான் பிறந்த வாரமே அவள் செத்துப்போய்விட்டாள் என்றேன். அண்ணன் முகம் விழுந்துவிட்டது. தாயார் இல்லாதவனுக்குச் சொல்ல அவரிடம் சாஸ்திரம் இல்லை. கங்காணியின் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்: "மாமியா இல்லாத வீடு. இதுக்கு மேல என்னா பொருத்தம் வேணும்?"

கோயில் வாசல்

எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பத்து மணிக்குத் தாலி. பட்டியலை வாங்கப் பன்னிரண்டு மணிக்கு ஆள் வரும். என்னிடம் கிழியாத வேட்டி இல்லை. இரவல் வாங்க விடியற்காலையில் பக்கத்து எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் போனேன். அங்கே எப்படியோ அரிசி கிடைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி அத்தியாயத்தை வாசித்தால் எனக்கும் உண்டு என்றார்கள். வாசித்தேன். நளினி கோயில் வாசலில் காத்திருந்ததை எட்டுப் பக்கமும் உருகி வாசித்தேன். என்னை நம்பி ஒருத்தி கோயில் வாசலில் காத்திருக்கிறாள் என்பது உறைக்கவே இல்லை. சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி இலையில் கட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில், டயருக்குப் பதிலாகச் சக்கரத்தில் சுற்றியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது.

போய்ச் சேரும்போது பதினொன்றரை. சக்கரமா என்று டிரெஸர் அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன். கூட்டத்தைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். மஞ்சள் கயிற்றைக் கட்டினேன். கங்காணி மரத்தில் காய்ந்து ரப்பராகிப்போன ஒட்டுப்பாலில் ஒரு துண்டை எடுத்து என் பெயரைப் பரபரவென்று அழித்தார். மிச்சப் பதினோரு பேரும் போனார்கள். முனியனும் போனான். மூன்று பேர்தான் திரும்பி வந்தார்கள், முனியன் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமும் துக்கமும் சேர்ந்து வரும்.

புஷ்பத்தின் பக்கம் திரும்பினேன். இலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள்: "நளினி வெஷத்த வச்சிக்கிட்டுக் காத்திருந்தா. நான் கருவாடு சுட்டு வச்சிக்கிட்டுக் காத்திருந்தேன். சோத்தக் குடுங்க."

என் இரண்டு மனசும் அன்று எந்தப் பக்கம் இழுத்தனவோ எனக்குத் தெரியாது. நான் உயிரோடு இருந்து இதை எழுதுவதற்குக் காரணம், நான் வாசித்த கதையை ஒரு நாளும் நம்பாத ஒருத்தி கோயில் வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததுதான்.