ரெண்டு கதவு போதும்

என் ராத்தா ஹமீமா மாத்தளையில் முப்பத்துநான்கு வருஷம் கணக்குப் படிப்பித்தவர். அவரிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. வாங்கியவர்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். எனக்கு அவர் ஏழு வயது மூத்தவர். அவருடைய சொந்தத் தங்கச்சி நானே கணக்கில் பெயிலான கதையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. கோபம் வரும்போதெல்லாம் நானேதான் உளறிவிடுவேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். இந்தக் கதைக்கு அது வேண்டியிருப்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அறுபது வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வந்த அன்று, பாடசாலையில் கொடுத்த பரிசுப் பொட்டலங்களைக் கீழே வைக்கக்கூட இல்லை, ராத்தா தன் புருஷனிடம், என் மச்சானிடம், சொன்னார்: "இனி ஒரு கார் வாங்கோணும். பாயிற கார்."

ஹாஷிம் மச்சான் கராம்பும் சாதிக்காயும் மிளகும் வாங்கி விற்கிறவர். அவர் டீசல் வேன் ஓட்டும் வேகத்துக்கு, ரோட்டில் நடந்துபோகிறவர் சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, பதிலையும் கேட்டுக்கொண்டு கூடவே வரலாம். அந்த மனுஷனிடம்தான் ராத்தா பாயிற கார் கேட்டார். மச்சான் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அசர் தொழுத கையோடு இரண்டு பேரும் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு கார் விளம்பரம் பார்ப்பார்கள். மச்சானுக்கு நான்கு கதவு வேண்டும், பின்னால் சாமான் ஏற்ற இடம் வேண்டும். ராத்தாவுக்குத் தாழ்வான கார், கையால் கியர் போடுகிற கார், இரண்டே கதவு.

"ரெண்டு கதவு போதும். பின்னால ஏற ஆரு ஈக்கிறா? இருந்த ஒரு புள்ளயும் கொழும்புக்குப் போயிட்டான்."

"மூட்டை ஏத்த வேணாமா?"

"நீங்களும் பென்ஷன் எடுங்க. மூட்டை போதும்."

ராத்தாவிடம் லைசன் இருந்தது. இளவயதில் எடுத்தது, ஒருதரமும் காலாவதியாக விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வேனை அவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து ஸீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒருநாள் நானும் பின்னால் ஏறினேன். நாலந்தாப் பக்கத்தில் ரோடு நேராக வருகிற இடத்தில் அந்தக் கிழட்டு வேனை எண்பதுக்கு விரட்டி, ராத்தா வாய்விட்டுச் சிரித்தார். மச்சான் அஸ்தஃபிருல்லாஹ் ஓதிக்கொண்டிருந்தார். கரும்பலகைக்கு முன்னால் ஒரு தடவைகூடச் சிரிக்காத மனுஷி அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கார் வந்ததும் முதல் பயணம் ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு என்று முடிவாகியிருந்தது. மலை வளைவெல்லாம் இரண்டாவது கியரில் ஏற வேண்டுமாம்.

மே மாதம் ஆறாம் திகதி காலை, கடைக்குப் போக வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, மச்சான் ஸ்டியரிங்கில் தலையை வைத்தார். வைத்ததுதான். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராத்தாதான் ஓடிப்போய் உள்ளே கையை நீட்டி அதை நிறுத்தினார்.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இத்தா இருக்க வேண்டும். ராத்தா வெள்ளை உடுத்து முன்னறைக்குள் போனார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இத்தா நாள நீ எண்ணு, முனவ்வரா. என்னால ஏலாது. நம்பரப் பாத்தாலே தல சுத்துது."

ஒரு ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் கணக்கை ஒப்படைத்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. சுவரில் தொங்கிய கடைக் கலண்டரில் விரலை வைத்து எண்ணினேன். ஆறிலிருந்து ஆறு, நான்கு தடவை. அதோடு பத்து. செப்டம்பர் பதினாறுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தத் திகதியைத்தான் சொன்னேன். சரிதானா என்று கேட்டவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மகன் அன்ஸாப் கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில் இருக்கிறான். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஜனாஸாவில் அவன் அழுத அழுகையை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் தாய்க்கு எது நல்லது என்பதை அவனே முடிவு செய்துவிட்டான். இரண்டாவது மாதம் மச்சானின் வேனை விற்றான். பிறகு தாய்க்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"பதினாறாந்திகதி லீவு எடுத்துட்டு வாறேன், உம்மா. என்னோட வந்துருங்க. வீட்ட வாடகைக்குக் குடுப்போம். இங்க தனியா ஈந்து என்ன செய்யப் போறீங்க? கிளினிக்குக்கு ஆரு கூட்டிப் போற? ஒவ்வொண்டுக்கும் ஆட்டோக்காரனப் பாத்துட்டு நிக்கப் போறீங்களா?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் நான் ஈக்கிறேனே!" என்று நான் பாய்ந்தேன்.

"சாச்சி, உங்களுக்கே முழங்கால் ஏலாதே" என்றான்.

அவன் போன பிறகு ராத்தா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவன் வார அண்டைக்கு வாசல்ல ஒரு கார் நிக்கோணும். என்ட கார். நின்டா, நான் எங்கயும் போகத் தேவயில்ல. இல்லாட்டி அவன் சொல்றதுக்கு என்னட்ட மறுப்பு இல்ல."

அந்தக் கிழமையே விளம்பரத்தில் ஒன்று வந்தது. பலாபத்வலையில் கராஜ் வைத்திருக்கும் லாபிருடைய கார். ஜப்பான் கார், பழையது, இரண்டு கதவு, கைக் கியர். நிறம் சிவப்பு.

"ராத்தா, சிவப்பு" என்றேன்.

"கண் தெரியுது எனக்கு" என்றார்.

இத்தாவில் இருக்கும்போது அந்நிய ஆணோடு பேச அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே பரீட்சை என் வழியாக நடந்தது. ராத்தா கேட்பார், நான் ஃபோனில் திருப்பிக் கேட்பேன், லாபிர் பதில் சொல்வார், நான் ராத்தாவுக்குச் சொல்வேன். கிளச் மாற்றி எத்தனை வருஷம்? டயர் எப்போது போட்டது? எங்கேயாவது மோதியதா? லாபிர் பாவம், அவர் ராத்தாவிடம் படித்தவர் இல்லை. இருந்தும் படித்தவர் மாதிரியே பணிவாகப் பதில் சொன்னார். கடைசியில் ராத்தா, "ஸ்டார்ட் பண்ணிட்டு ஃபோன இன்ஜினுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லு" என்றார்.

அப்போது பார்த்து மச்சானுக்காக யாஸீன் ஓத இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். நான் தலையிலடித்துக்கொண்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். உர்ரென்று ஒரு சத்தம் அந்த வெள்ளை அறை முழுவதும் நிறைந்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் மெதுவாக, பிறகு லாபிர் மிதிக்க மிதிக்க ஏறி, மறுபடி இறங்கி அடங்கும் வரை கேட்டார். மச்சான் மவுத்தான பிறகு அவர் முகத்தில் அந்தத் தெளிவை நான் பார்த்ததே இல்லை.

"இதுதான்" என்றார்.

லாபிர் வாக்குக் கொடுத்தார்: "டீச்சர்ட இத்தா முடியிற அண்டைக்கு காலையில நானே ஓட்டிட்டு வந்து விடுறேன், தங்கச்சி. அது வரைக்கும் ஆருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்குப் பொறகு வச்சிக்கீக்க ஏலாது. நாலந்தாவுல ஒராள் நெருக்கிட்டு ஈக்கிறார்."

திகதி என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தா முடியும் நாள் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. புருஷன் மவுத்தாகி வெள்ளை உடுத்தியிருக்கும் மனுஷி சிவப்புக் கார் வாங்குகிறாள் என்று அந்த இரண்டு பெண்களும் தெருத் தெருவாகச் சொல்லி முடித்திருந்தார்கள். மீன் வாங்கப் போனாலும் என்னிடம்தான் கேட்டார்கள். "ஓட்டப் பந்தயத்துக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். ராத்தா என்னோடு இருக்க வேண்டும் என்று துஆக் கேட்டதும் நான்தான். அந்தக் கார் வராவிட்டால் நல்லது என்று மனதின் ஒரு மூலையில் நினைத்ததும் நான்தான். இரண்டும் ஒன்றாக நடக்காது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் பன்னிரண்டாம் திகதி காலை எட்டு மணிக்கு வாசலில் அந்த உர்ர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கழுவித் துடைத்துப் பளபளவென்று அந்தக் கார். இஸ்திரி போட்ட ஷேர்ட்டோடு லாபிர் இறங்கினார். எதிர்வீட்டில் இரண்டு தலை ஏற்கெனவே தெரிந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னும் நாலு நாள் ஈக்கிது! இத்தாவுல ஈக்கிற வீட்டு வாசல்ல இப்பிடி உறுமிட்டு வந்து நிக்க உங்களுக்கு வெக்கமில்லையா?"

"இல்ல தங்கச்சி, பிறைக்கு..."

"ஒண்டும் சொல்லத் தேவயில்ல! ஊரெல்லாம் சிரிக்கிது. எங்களுக்கு இந்தக் காரே வேணாம், கொண்டு போங்க!"

அவர் என்னைப் பார்த்தார். முன்னறை ஜன்னலைப் பார்த்தார். திரை அசையவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். நானும் உள்ளே போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தேன். கோபம் தணிந்ததும், பதினாறாம் திகதிக்குள் ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினேன். ராத்தாவிடம் சொல்லவில்லை.

பதினான்காம் திகதி பின்னேரம் மௌலவியின் மனைவி றுஸ்னா வந்தார். மூன்று மாதமாகத் தாய்வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார். வாசற்படியிலேயே நின்று என்னிடம் கேட்டார்: "டீச்சர் ஏன் இன்னம் வெள்ளையில? பதினொண்டாந்திகதியோட முடிஞ்சி போச்சே?"

"நாலு மாசமும் பத்து நாளும். நான் எண்ணினேன்."

"எந்த மாசத்த எண்ணினீங்க?"

இத்தாவுக்குப் பிறை மாதம், இருபத்தொன்பதோ முப்பதோ நாள்தான். நோன்புக்குப் பிறை பார்க்கிற எனக்கு, பெருநாளுக்குப் பிறை பார்க்கிற எனக்கு, அது தெரியாதா? கலண்டரில் பெரிய கறுப்பு எண்ணுக்குக் கீழே பிறைத் திகதியும் பச்சையில் சின்னதாகப் போட்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். மரண அறிவித்தலில் ஆறாம் திகதி என்று இருந்தது. நான் ஆறிலிருந்து எண்ணிவிட்டேன். லாபிர் சரியான நாளில்தான் வந்திருக்கிறார். அவர் வாயில் பாதியில் நின்ற அந்த "பிறைக்கு" என்ற சொல் என் காதில் சுட்டது.

உடனே லாபிருக்கு ஃபோன் பண்ணினேன்.

"நேத்து குடுத்துட்டேன் தங்கச்சி. வேணாம்ன்டு நீங்கதானே சொன்னீங்க. நாலந்தா ஆள் வந்து எடுத்துட்டுப் போயிட்டார்."

அன்று பின்னேரமே ராத்தாவிடம் இத்தா முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காரைப் பற்றிக் கேட்பார். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், இவ்வளவு கோழையாக இருப்பேன் என்று நினைக்கவே இல்லை. இரண்டு நாள் மூச்சுக் காட்டாமல் இருந்தேன்.

பதினாறாம் திகதி ராத்தா குளித்து, இளநீலச் சேலை உடுத்து வெளியே வந்தார். காலில் தட்டைச் செருப்பு, பெடலுக்குத் தோதாக. கைப்பையில் லைசன். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. ரோட்டில் போன ஒவ்வொரு வாகனத்துக்கும் அவர் தலை திரும்பியது. பத்தரைக்கு அன்ஸாபின் வேன் வந்து நின்றது.

அவன் சாமான் கட்ட உள்ளே போனதும் நான் ராத்தாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறை மாதத்தை விட்டதை, லாபிர் வந்ததை, நான் கத்தியதை, கார் போனதை. அழுதேன். "நான்தான் நாசமாக்கிட்டேன் ராத்தா, என்ன ரெண்டு அடி அடிங்க" என்றேன்.

ராத்தா திரும்பி, திறந்த கதவு வழியாகக் கலண்டர் தொங்கிய சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது.

"ஓ. பதினொண்டோட முடியிது" என்றார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு சத்தம் எனக்குக் கேட்டிச்சி. இன்ஜின் சத்தத்துலயே அதுதான்ன்டு தெரிஞ்சிச்சி. எழும்பி வரப் போனேன். நாலு நாள் ஈக்கிதுன்டு நீ சொன்னதும் கேட்டிச்சி. நீ எண்ணினது சரியாத்தான் ஈக்கும்ன்டு திரும்ப உக்காந்துட்டேன். வேணாம்ன்டு நீ சொன்னத அந்தாளு நம்ப மாட்டார், நாலு நாள்ல திரும்பி வருவார்ன்டு ஈந்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்ஸாப் பெட்டியோடு வந்தான். "போவமா உம்மா?" என்றான். ராத்தா மகனைப் பார்த்தார், வெறும் வாசலைப் பார்த்தார். மறுப்பு இல்லை என்று சொன்னவர் சொன்னபடியே எழுந்தார். வேனில் முன் ஸீட்டில் மருமகள் இருந்ததால் பின் ஸீட்டில் ஏறினார். கண்ணாடியை இறக்கி என்னை அருகில் கூப்பிட்டார்.

"வீட்ட வாடகைக்குக் குடுக்க வேணாம்ன்டு சொல்லிட்டேன். மூணு மாசம் ஈந்து பாக்குறேன். பிறைக்கு மூணு மாசம். நீ எண்ணாத, நானே எண்ணிக்கிறேன்."

வெள்ளிக்கிழமைகளில் அசருக்குப் பிறகு ஃபோன் எடுக்கிறார். சுகம் விசாரிக்கிறார். தெஹிவளையில் ரோடெல்லாம் அடைத்துக்கொண்டு இருக்கிறதாம், ரெண்டாவது கியருக்கு மேல் ஒருவருக்கும் வேலை இல்லையாம். கார் விளம்பரம் பார்க்கிறீங்களா என்று ஒரு தடவை கேட்டேன். கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போனார்.

எண்ண வேண்டாம் என்றார், நான் எண்ணவில்லை. கூட்டிப் பெருக்க மட்டும் காலையில் அவர் வாசலுக்குப் போய் வருகிறேன். நேற்று மாலை மஃரிப் தொழுதுவிட்டு அங்கே நின்றபோது மலைக்கு மேலே புதுப் பிறை தெரிந்தது. ராத்தா போன பிறகு அது ஐந்தாவது.