தொட்டி திறக்கும் நேரம்

என் நாத்தனார் மகன் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியில் தூண்டில் போடப் போவான். போகிறவன் பேசாமல் போகக் கூடாதா? என் வாசலில் நின்று அவர்களுக்குப் பாடம் நடத்துவான். மீன் பிடிக்க நல்ல நேரம் விடியக்காலைதானாம். பனி கலைவதற்கு முன்னால் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட வேண்டுமாம்.

"எங்க மாமா சொன்னதுடா. தொரைக்கே நேரம் சொல்லிக் குடுத்த மனுசன் அவரு. தொரை சந்தோசப்பட்டுத் தன் தொப்பியையே கழட்டிக் குடுத்தாரு, தெரியுமா?"

நான் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் சொல்கிற மாமா என் புருஷன்தான். செத்துப் போனவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான். ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த எழுத்து கையில் இருக்கிறது. பேச வராததை எழுதியாவது வைக்கிறேன். பொய்யைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

அப்போது காப்பிக் காலம். தெல்தோட்டைக்கு மேலே, இன்றைக்குத் தேயிலை நிற்கிற மலையெல்லாம் காப்பியாக இருந்தது. கல்யாணம் முடிந்து நான் அந்தத் தோட்டத்துக்குத்தான் போனேன். கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் ஒரே அறை. நானும் புருஷனும், அவருடைய தங்கச்சியும். தங்கச்சிக்கு அப்போது நிறைமாதம். அவள் புருஷன் வேறு மலையில் ரோட்டு வேலைக்குப் போனவன், போனவன்தான்.

விடியக்காலை நல்ல நேரமாம். யாருக்கு நல்ல நேரம்? எங்களுக்கு விடியக்காலை என்றால் தப்பு மேளச் சத்தம். தப்பு அடித்தால் பெரட்டுக்கு ஓட வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய நாள் போச்சு. சாயங்காலம் நல்ல நேரம் என்பார்கள். சாயங்காலம் பறித்த பழத்தை அளந்து கொடுக்க மூட்டையோடு வரிசையில் நிற்போம். மீனுக்குப் பசிக்கிற நேரமெல்லாம் தோட்டத்துக்கு எழுதி வைத்த நேரம். அந்த நேரத்தில் ஓடைக்கரையில் நிற்க ஒருவருக்குத்தான் முடியும். அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை.

துரை நீளமான தூண்டிலும் ரப்பர் சப்பாத்துமாக விடியற்காலையில் ஓடைக்கு இறங்குவார். என் புருஷனைக் கூடை தூக்க வைத்துக்கொண்டார். கூடை தூக்குகிறவருக்குப் பெரட்டு இல்லை, மண்வெட்டி இல்லை. அதிலே என் புருஷனுக்கு ஒரு நடை வந்துவிட்டது. லயத்து ஆம்பிளைகளைப் பார்த்து, "கெண்டை கடிக்கிற நேரம் ஒங்களுக்கு என்னடா தெரியும்?" என்று கேட்பார். துரை பிடித்த மீனில் ஒரு செதிள்கூட எங்கள் அறைக்கு வந்ததில்லை.

நான் காப்பி பதப்படுத்துகிற ஸ்டோரில் வேலை செய்தேன். காப்பிப் பழத்தைத் தோல் உரித்துக் கொட்டையைக் கல் தொட்டியில் விழ விடுவார்கள். கொட்டையின் மேலே வழுவழுவென்று ஒரு பசை இருக்கும். தண்ணீர் இல்லாமல் அப்படியே கிடந்து புளித்தால்தான் அந்தப் பசை கழலும். பிறகு தண்ணீர் விட்டு, பலகையால் கிளறிக் கழுவ வேண்டும். பசை கழன்றுவிட்டதா என்று கையால்தான் பார்க்க முடியும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தால், ஆகாத கொட்டை வழுக்கும். ஆன கொட்டை கூழாங்கல் மாதிரி கரகரக்கும். சீக்கிரம் கழுவினாலும் காப்பி கெடும், கிடக்க விட்டாலும் கெடும். அதனால் துரையே ஆனாலும் தொட்டிப் பெண்கள் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் திறக்கச் சொல்வார். அந்தத் தொட்டியில் என்னோடு ஓர் அக்கா நின்றாள். எனக்கு இல்லாத வாயும் சேர்த்து அவளுக்கு இருந்தது.

கழுவின தண்ணீரைத் திறந்துவிட்டால் சிவப்பாக, நுரையோடு, மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு ஓடையில் போய் விழும். ஓடை முழுதும் கலங்கிவிடும். மீனுக்கு மூச்சு முட்டும். ஸ்டோருக்குக் கொஞ்சம் கீழே, பாறை இடுக்கிலிருந்து ஒரு சின்ன ஊற்றுத் தண்ணீர் வந்து ஓடையில் சேரும். கண்ணாடி மாதிரித் தண்ணீர். தொட்டி திறந்ததும் அத்தனை கெண்டையும் அந்த ஊற்று வாயில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கும். தூண்டிலும் வேண்டாம், புழுவும் வேண்டாம். சாக்கை இரண்டு பேர் பிடித்து ஒரு வாரு வாரினால் போதும். ஓடை தெளிந்துவிட்டால் ஒன்றுகூட அங்கே நிற்காது. தொட்டி திறப்பது பெரும்பாலும் மத்தியானத்தில். சோறு தின்ன விடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் இறங்கி வாரிக்கொண்டு ஏறிவிடுவோம். எங்களுக்கு மீன் பிடிக்க இருந்த நேரம் அது ஒன்றுதான்.

நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் இல்லை. கடைக் கருவாட்டில் புழு நெளிந்தது. நான் மடியில் கெண்டை கொண்டுபோய் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்தேன். நாலைந்து தரம் குடித்ததும் பால் இறங்கியது. அதுவரைக்கும் பூனைக்குட்டி மாதிரி அழுதுகொண்டிருந்த பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு வாசலில் நின்று பாடம் நடத்துகிறவன்.

அறுவடை உச்சத்துக்கு வந்தது. ஓடை எந்நேரமும் நாறியது. விடியக்காலையில் துரைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கண்டியிலிருந்து விருந்தாளிகள் வரப் போகிறார்கள், வெறும் கூடையைக் காட்டுவதா என்று துரை கூடைக்காரரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். என் புருஷன் என்ன செய்தார்? பெண்டாட்டி வாயிலிருந்து கேட்டதைத் துரைக்குச் சொல்லிக் கொடுத்தார். தொட்டி திறக்கும் நேரத்தையும் சொன்னார், ஊற்று வாயையும் கையை நீட்டிக் காட்டினார்.

அடுத்த முறை தொட்டி திறந்தபோது நாங்கள் சாக்கோடு இறங்கினோம். ஊற்று வாயில் கதிரை போட்டுத் துரை உட்கார்ந்திருந்தார்.

"பொம்பளை ஆள் எல்லாம் மேலே போ! சத்தம் வேண்டாம்! மீன் ஓடும்!"

பக்கத்தில் கூடையோடு என் புருஷன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் தலையில் ஒரு பழைய தொப்பி. துரையின் தொப்பி. கையில் மீன் இல்லை. லயத்துக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். இவர் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுகிறார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன் தம்பி, தொப்பியக் கொழம்பு வச்சா ஒன் தங்கச்சிக்குப் பால் வருமா?"

"ஒனக்கு என்ன தெரியும் அக்கா? தொரை தன் கையால வச்சது."

"வைப்பாரு, வைப்பாரு. மூளை இருக்கிற தலைன்னா மூளைய எடுத்திருப்பாரு. காலியாக் கெடந்த தலைதானே, மூடி வச்சிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அடுப்பில் வெறும் மிளகுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை அவரைக் கேட்டேனா? இல்லை. கேட்க வராது. உள்ளே மட்டும் கொதித்தது.

அதிலிருந்து ஒரு சட்டம் வந்தது. துரை ஊற்று வாயில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொட்டியைத் திறக்க வேண்டும். பெண்கள் ஓடைக்கு இறங்கக் கூடாது. நாத்தனாருக்குப் பால் வற்றியது. பிள்ளை உறிஞ்சிப் பார்க்கும், விட்டுவிட்டு அழும். துணியைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து வாயில் வைப்பேன். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் போனது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் மூலையில் உட்கார்ந்து தொப்பிக்குத் தூசி தட்டினார்.

விருந்தாளிகள் வந்த நாளில் துரை காலையிலேயே ஊற்று வாய்க்கு வந்துவிட்டார். பங்களாவில் விருந்து சமையல் நடந்தது. நான் தொட்டியில் கை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்த்தேன். நன்றாகக் கரகரத்தது.

துரை கீழேயிருந்து கத்தினார். "என்னா, காப்பி ஆச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பதில் சொல்வது எப்போதும் அவள்தான். அன்றைக்கு என் வாய் திறந்தது.

"இன்னும் ஆகல்லீங்க தொரை. வழுக்குது."

அவ்வளவுதான் சொன்னேன். அக்கா சட்டென்று குனிந்து, இருமுகிற மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்துத் திரும்பவும் கேட்டார். ஆகவில்லை என்றேன். வெயில் ஏறியது. தொட்டியிலிருந்து புளித்த வாடை தூக்கலாக வரத் தொடங்கியது. இதற்கு மேலே விட்டால் காப்பி கெட்டுப் போகும். கெட்டால் என் தோல் உரியும். பங்களாவிலிருந்து ஆள் வந்து, விருந்தாளிகள் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்றான். துரை எழுந்து என் புருஷனிடம், "நீ இங்கே நில். தண்ணி திறந்தா ஓடி வந்து சொல்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் மறுபடி ஒரு பிடி அள்ளினேன்.

"ஆச்சு" என்றேன்.

அக்கா தண்ணீர் விட்டாள். ஆளுக்கொரு பலகையாக எடுத்துக் கிளறினோம். அடைப்பைப் பிடுங்கியதும் சிவப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. நாங்கள் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம். என் புருஷன் ஓடையைப் பார்த்தார், பங்களாப் பாதையைப் பார்த்தார், ஓடக் காலைத் தூக்கினார். ஊரார் முன்னால் புருஷனோடு நான் பேசினதே கிடையாது. அன்றைக்குப் பேசினேன்.

"போங்க. போய்ச் சொல்லுங்க. போற வழியில லயத்துல எட்டிப் பாருங்க, ஒங்க மருமகன் இன்னும் மூச்சு விடுறானான்னு."

அவர் அப்படியே நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். துரையை அழைக்கப் போகவும் இல்லை, சாக்கில் ஒரு முனையைப் பிடிக்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

மீன் பாறை இடுக்கெல்லாம் துள்ளியது. சாக்கு நிறைந்தும் மீன் மிச்சம் இருந்தது. அக்கா பாறையிலிருந்த தொப்பியை எடுத்தாள்.

"ஐயோ, அது தொரை தொப்பி!" என்றார் இவர்.

"தொரை குடுத்ததில இன்னைக்காவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும், தம்பி." கெண்டைகளை அள்ளித் தொப்பியில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

நாங்கள் ஏறிய பிறகுதான் அவர் எழுந்து, சுற்றுப் பாதையில், மெதுவாகப் பங்களாவுக்குப் போனார். துரை வந்தபோது ஓடை தெளிந்திருந்தது. மறுநாள் என் புருஷன் கையில் மண்வெட்டி. விருந்தாளிகள் போனதும் துரைக்கு ஊற்று வாயில் இருந்த ஆசையும் போய்விட்டது. எங்கள் மத்தியானம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பிள்ளை பிழைத்தான்.

காப்பிக்கு நோய் வந்து, துரைமார் மலையை விட்டுப் போய், நாங்கள் டவுனுக்கு இறங்கின பிறகு என் புருஷன் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவர் கதையில் தொட்டி இல்லை. அக்கா இல்லை. நானும் இல்லை. விடியக்காலை, பனி, துரை, துரைக்குப் பக்கத்தில் இவர். இவர் சொன்ன நேரத்துக்குத் தூண்டில் போட்டதால் கூடை நிறைந்து, துரை தொப்பி கொடுத்தாராம். எல்லாரும் "ஆ" என்று கேட்டார்கள். நான் அவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தத் தொப்பி இத்தனை காலமும் நாத்தனார் மகன் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. போன வாரம் அதைச் சிநேகிதர்களிடம் காட்டுவதற்காக இங்கே கொண்டுவந்தான். மழைக் காலத்தில் அதிலே இன்னும் ஒரு வாடை வரும். ஒருவன் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னடா, மீன் நாறுது?"

"அதான்டா விடியக்காலைக் கெண்டை வாசம்" என்றான் மருமகன்.

எனக்குத் தாங்கவில்லை. குசினியிலிருந்து வெளியே வந்தேன். அத்தனை ஆம்பிளைப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தாலும் சொன்னேன்.

"விடியக்காலை இல்ல. தொரை சோறு திங்கப் போன நேரம்."

அவர்கள் சிரித்தார்கள். "அத்தைக்கு வயசாச்சு" என்றான் அவன், பாசமாகத்தான். நான் அவன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இப்போது அது என் பெட்டிக்குள் இருக்கிறது. கேட்டு வரட்டும். இதை முழுதும் வாசித்து முடித்தால்தான் கொடுப்பேன்.