சிமெண்டு மானைச் சுற்றி ஈரச் சேலை

பெண்களுக்கென்று இடம் ஒதுக்கி முதன்முதலாக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அதற்கு அடுத்த வருடம் ஆனி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்தில் தப்பு இருந்தால் பேத்தி திருத்திவிடுவாள். என்னைத் திருத்தத்தான் இன்னும் ஆள் வரவில்லை.

அப்போது நானும் பக்கத்து வீட்டு அக்காவும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மத்தியானம் வயலை விட்டுக் கரையேறினால் உடம்பெல்லாம் சேறு. நேரே ஆற்றுக்குப் போய்க் குளிப்போம். சேலையை அலசி, படித்துறைக்கு மேலே இருந்த மேட்டில் விரித்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் ஆனிக்காற்று அதைக் காயவைத்துவிடும். எங்கள் தெருவில் கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் இடிக்கும். வெயில் உள்ளே வராது. நடவுக்கென்று எங்களிடம் இருந்ததோ உடுக்க ஒன்று, மாற்ற ஒன்று. அந்த மேடு இல்லையென்றால் மறுநாள் ஈரச் சேலையோடுதான் வயலில் இறங்க வேண்டும்.

அந்த மேட்டைத்தான் பேரூராட்சி பார்க் ஆக்கியது. சுற்றிலும் கம்பி வேலி, நாலு பெஞ்சு, நடுவில் ஒரு சிமெண்டு மான். மானுக்குப் பக்கத்தில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று. வற்றாத ஆற்றங்கரையில் தண்ணீர் இல்லாத நீரூற்று கட்டுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும்தானே. வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள். துணி காயப்போடக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, புல்லில் எதையும் விரிக்கக் கூடாது, மீறினால் பறிமுதல்.

நாங்கள் போர்டைப் பார்த்தோம். மானையும் பார்த்தோம். வழக்கம்போல விரித்தோம்.

பார்க்குக்குக் காவலாகப் போட்டிருந்தவர் எனக்குக் கொழுந்தன் முறை. காக்கிச் சட்டையும் விசிலும் புதிது. கேலி பேசியபடி வந்தவர், நாங்கள் கேலியில் மயங்கி இருந்த நேரத்தில் அக்காவின் சேலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அது நடவுச் சேலை இல்லை. அரக்கு நிறப் பூனம் சேலை, அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை. வெள்ளிக்கிழமை களக்காட்டில் அவள் மகளுக்கு வளைகாப்பு. அதற்கு உடுத்திப் போகத்தான் அன்று அலசிப் போட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை.

சாயங்காலமே பேரூராட்சி ஆபீசுக்குப் போனோம். தலைவர் நாற்காலியில் தலைவரின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கான இடமாகிவிட்டதால் மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தவர். போஸ்டரில்கூட அந்த அம்மா படம் தபால்தலை அளவு, இவர் படம் தாம்பாளம் அளவு. அந்த அம்மா ஆபீசுக்கு வருவதில்லை. வந்தாலும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அக்காவின் சேலை எங்கே இருந்தது தெரியுமா? ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நாறும் என்று, ஆபீஸ் வராந்தாவில் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தார்கள்.

தலைவரின் வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டினார். இனிமேல் ஈரத்துணியோடு பார்க்குக்குள் காலெடுத்து வைக்க மாட்டோம், செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். கைநாட்டு வைத்தால் சேலையை இப்போதே கொண்டுபோகலாம் என்றார். அக்கா பெருவிரலை மைப்பெட்டியில் வைத்தேவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அண்ணாச்சி, போர்டுல வேற என்னவெல்லாம் கூடாதுன்னு போட்டுருக்கு?” என்று கேட்டேன். விரிக்கக் கூடாது, கட்டக் கூடாது, போடக் கூடாது என்று மறுபடியும் சொன்னார். அங்கே நடக்கலாமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கு எதுக்குக் கட்டியிருக்கு, நடக்கத்தானே என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கென்னட்டி, போனது எஞ்சேலை. சம்பந்தக்காரங்க முன்னால நான் கிழிசலோட போய் நிப்பேன், நீ இங்கன இருந்து வீரம் பேசு” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கைநாட்டு வைத்துவிட்டால் சேலை வரும், மேடு போகும். வெள்ளிக்கிழமைக்குள் வாங்கித் தருகிறேன், முடியாவிட்டால் என் தாலிக்கயிற்றில் கிடக்கும் பொட்டுத் தங்கத்தை விற்றாவது அதே மாதிரி எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் நடவு முடிந்து குளித்த பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பார்க்குக்குள் நுழைந்தேன். யாரும் எதையும் விரிக்கவில்லை, கட்டவில்லை, போடவில்லை. ஒரு சேலைக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மானைச் சுற்றி நடந்தோம். காற்று புகுந்ததும் ஒவ்வொரு சேலையும் பந்தல் மாதிரி எழும்பியது. கோயிலுக்கு வருகிறவர்கள் படித்துறையில் நின்று காயவைப்பார்களே, அதே வித்தைதான். நாங்கள் நிற்காமல் நடந்தோம், அவ்வளவுதான்.

கொழுந்தனார் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

“மதினி, காயப்போடக் கூடாதுன்னு போர்டு இருக்குல்லா?”

“யாரு போட்டா? கையிலல்லா வச்சிருக்கோம்.”

“கையில பிடிச்சிக்கிட்டு நிக்கியளே.”

“எங்கவே நிக்கோம்? நடக்கோம். நீரும் வேணும்னா ஒரு முனையைப் பிடிச்சிக்கிட்டுக் கூட வாரும்.”

அவர் வாசலுக்குப் போய் போர்டை ஒரு தடவை படித்தார். திரும்பி வந்து எங்களைப் பார்த்தார். மறுபடியும் போய்ப் படித்தார். அதற்குள் சேலைகள் காய்ந்துவிட்டன, நாங்கள் மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை நாங்கள் இரண்டாவது சுற்றில் இருந்தபோது ஒரு கார் பார்க்குக்குள்ளேயே வந்து வேலியோரமாக நின்றது. தலைவரின் வீட்டுக்காரர் இறங்கினார். பின்கதவைத் திறந்து தலைவரும் இறங்கினார். ஆபீஸ் உத்தரவு என்று காட்டுவதற்காகக் கூட்டிவந்திருப்பார். அந்த அம்மா கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

ஊர் மானம் போகிறது, கண்ட கழுதையும் வந்து திரியவா பார்க்குக் கட்டினோம் என்று வீட்டுக்காரர் கத்தினார். அத்தனை சேலையையும் பிடுங்கச் சொல்லிக் கொழுந்தனாரை விரட்டினார்.

கொழுந்தனார் அசையவில்லை. “புல்லுல கெடந்தா எடுத்திருவேன் அண்ணாச்சி. பொம்பளை கையில இருக்க சேலையை நான் எப்படிப் பிடிச்சு இழுக்க?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அதுவரை அவர் ஊதிய விசிலை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

அப்படியென்றால் நானே பிடுங்குகிறேன் என்று வீட்டுக்காரர் எங்களை நோக்கி வேகமாக வந்தார். என் சேலையின் மறுமுனையில் இருந்தது அக்கா. பயத்தில் கையை விட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து மலைக்காற்று ஓங்கி அடித்தது. என் சேலை பறந்து வேலிப்பக்கம் போனது. அங்கே முள்கம்பி. மாட்டினால் கிழிந்துவிடும். ஒரு முனை மட்டும் என் கையில் இருந்தது. மறுமுனை காருக்குப் பக்கத்தில், அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டிருந்தது.

“தாயி, அந்த முனையைப் பிடிங்க” என்றேன்.

பிடித்துவிட்டார். யோசித்துப் பிடித்ததாகத் தெரியவில்லை. சேலை முனையைப் பிடி என்றால் கை தானாக நீளாத பெண் இந்த ஆற்றங்கரையில் பிறக்கவே இல்லை. அந்த அம்மாவும் ஆற்றுக்கு மேற்கே இருந்து வாக்கப்பட்டு வந்தவர்தான். பிடித்த கையோடு இரண்டு ஓரத்தையும் தேடி எடுத்து, விரித்து, சுருக்கம் போக ஒரு வெட்டு வெட்டி உதறினார். அந்த வெட்டு என் கைவரைக்கும் வந்தது. நல்ல பழகின கை.

வீட்டுக்காரர் நடந்துவந்த இடத்திலேயே நின்றுவிட்டார். “ஏய், என்ன செய்யுத? விடு அதை” என்றார்.

அந்த அம்மா விடவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. சேலையைத்தான் பார்த்தார்.

“காயட்டும்” என்றார்.

தேர்தலுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நானும் நடந்தேன். பட்டுச்சேலை உடுத்திய தலைவர் ஒரு முனையிலும், சேற்றுக்கால் நடவுக்காரி ஒரு முனையிலுமாக மானைச் சுற்றி வந்தோம். பிடுங்க வந்தவர் என்ன செய்வார்? பிடுங்கினால் தலைவரின் கையிலிருந்தல்லவா பிடுங்க வேண்டும். கொழுந்தனார் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அந்த அம்மா கடந்து போகும்போது விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். அதுவரை வீட்டுக்காரருக்குத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

நடந்துகொண்டே அக்காவின் வளைகாப்புக் கதையைச் சொன்னேன். அந்தச் சேலை இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார். ஆபீஸ் வராந்தாவில் நல்லபடியாகக் காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். விளக்கு வைப்பதற்குள் சேலை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டது. தாளும் இல்லை, கைநாட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் களக்காடு பஸ்ஸில் அக்கா அந்த அரக்குச் சேலையில்தான் ஏறினாள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, உன் பொட்டுத் தங்கம் பிழைத்தது போ என்றாள்.

போர்டை யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஐப்பசி பிறப்பதற்குள் பார்க்கின் ஆற்றோரத்தில், ஒன்றுக்கொன்று எட்டடி தள்ளி இரண்டு கல் தூண் நட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, கொடிக்கம்பம் என்று தலைவர் உத்தரவாம். கொடிதானே, நாங்களும் கட்டிவிட்டோம்.

இன்றைக்கும் எந்த ஆபீசிலாவது யாராவது எனக்குப் போர்டைக் காட்டினால், எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போவதில்லை; அவர்கள் கையில் பைய ஒரு முனையைக் கொடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன், வாங்க மறுத்தால் அப்புறம் சண்டை இருக்கவே இருக்கிறது.